கடுக்காயில் தொடங்கும் புத்தகம்

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக அச்செடுத்து, பைண்டிங் மேசைமேல் பரப்பிப் பார்த்தேன். சோழமண்டலக் கரையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய விரிப்புத் துணி ஒன்றின் பூமரத்தை லினோவில், அந்த அச்சுக்கான மெத்தென்ற தகட்டில், செதுக்கி, புத்தகம் முழுக்க அச்சடிக்கப் போவதாக எழுதியிருந்தாய். செதுக்கு அருமை. இலை நரம்பு ஒவ்வொன்றும் ஒரே மூச்சில் ஓடுகிறது. ஆனால் பூவை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தத் துணியில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறாய் என்று எனக்குப் படுகிறது. போனில் சொன்னால் பாதியில் பேச்சு வேறு எங்காவது போய்விடும், அதனால்தான் கடிதம்.

இலைகளுக்கு நீலம் குறித்திருக்கிறாய், துணியில் அப்படித்தான் இருக்கிறது என்று. அம்மாடி, அது பச்சை இலை. துணியை எழுதியவர் நீலத்தின் மேல் மஞ்சள் பூசிப் பச்சையாக்கியிருப்பார். அந்த மஞ்சள் கழுவலுக்கும் வெயிலுக்கும் தாங்காது. இருநூறு முந்நூறு வருஷத்தில் மஞ்சள் போய்விட்டது, அவுரி நீலம் நின்றுவிட்டது. பழைய துணியைப் பார்க்கும்போது எது வரைந்தது, எது காலத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு அது எந்த வரிசையில் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும்.

நம்ம பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்கு உருளையாகத் தொங்கும் தொம்பையும் தேர்ச்சீலையும் விதானமும் எழுதுகிற மரபு உண்டு. குச்சிப் பேனாவால் துணியில் எழுதிச் சாயமேற்றும் அந்த வேலைக்குக் கருப்பூர்க் கலம்காரி என்று 2021இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. மரபான கலம்காரியில் முதல் வேலை கடுக்காய். கஞ்சி போக அலசிய பருத்தித் துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து, பிழிந்து காயப்போடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, கோடு கசிந்து பரவாமல் பிடித்துக்கொள்ளும். துணி இளமஞ்சளாகிவிடும்.

அடுத்தது கறுப்பு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட்டு வடித்த நீர் அது. பானையில் பார்த்தால் வெறும் பழுப்புத் தண்ணீர். மூங்கில் குச்சியில் தோய்த்துக் கடுக்காய் ஏறிய துணியில் இழுத்தால், இழுக்க இழுக்கக் கறுக்கும். சிவப்பு இதைவிட ஆச்சரியம். எங்கே சிவப்பு வேண்டுமோ அங்கே படிகார நீரைத் தடவுவார்கள். அதற்கு நிறமே கிடையாது என்பதால், தடவிய இடம் தெரிய மட்டும் ஏதாவது சாயம் துளி கலப்பார்கள். பிறகு துணியைச் சாயவேர் என்ற சிவப்புச் சாயம் தரும் செடிவேர் போட்டுக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டியது சாணத்திலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். கண்ணுக்குத் தெரியாத படத்தை வரைந்துவிட்டுக் கொப்பரை கொதிக்கக் காத்திருக்கிற வேலை. நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடத்தையெல்லாம் மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சள் கடைசி.

இந்த வரிசையை ஒருவர் ஏற்கெனவே புத்தகமாக வைத்திருக்கிறார், தெரியுமா? 1734 வாக்கில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் சாயவேலையைக் கூடவே இருந்து பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். பதினொரு துண்டுகள். அந்தக் கையெழுத்துப் பிரதி பாரிஸில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பிரான்ஸில் நம் பூத்துணிக்கே தடை; 1686இல் போட்டதை 1759இல்தான் எடுத்தார்கள். தடை செய்த துணியின் ரகசியம் மட்டும் அவர்களுக்கு வேண்டியிருந்தது! அவருக்கு அது தொழில் வேவு. எனக்கு அதைவிட நல்ல கலைப் புத்தகம் தோன்றவில்லை. ஒரே துணி, பக்கத்துக்குப் பக்கம் ஒரு படி நகர்கிறது.

உன் புத்தகமும் அப்படி நடக்கட்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரே ஒரு பூ போதும். முதல் விரிப்பில், அதாவது திறந்தால் எதிரெதிரே தெரிகிற இரண்டு பக்கத்தில், கடுக்காய் ஏறிய வெறும் காகிதம். அடுத்ததில் கறுப்புக் கோடு மட்டும். அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், பச்சை. கடைசி விரிப்பில் மஞ்சள் போய், நீ பார்த்த நீல இலை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி லினோ செதுக்க வேண்டிவரும். ரெஜிஸ்டர், அதாவது நிறத்தின் மேல் நிறம் சரியாக உட்காருவது, மயிரிழை விலகினால் விலகட்டும். அச்சுக்கட்டையால் அடித்த பழைய துணிகளில் கட்டையும் கட்டையும் சேருகிற இடம் தெரியும். எனக்கு அந்த இடத்தைப் பார்க்கத்தான் பிடிக்கும்.

கறுப்பைப் பற்றி ஒன்று. இரும்புக் கறுப்பு துணியைத் தின்னும். பழைய விரிப்புத் துணிகளில் சிவப்பும் நீலமும் புதுசு போல இருக்க, கறுப்புக் கோடு ஓடிய இடத்தில் நூலே உதிர்ந்து ஓட்டையாக நிற்பதைக் கிட்டே போனால் பார்க்கலாம். காகிதத்திலும் அதே கதைதான். ஐரோப்பாவில் மாசிக்காயும் இரும்பும் சேர்த்துச் செய்த மை, ஏடுகளை எழுத்து எழுத்தாக அரித்திருக்கிறது. நிஜ இரும்பு நீரில் அச்சடிக்க உனக்கு ஆசை வரும். ஒரு பக்கத்தில் மட்டும் செய். தண்ணீராக ஓடாமல் இருக்கக் கருவேலம் பிசின் கலந்துகொள். மற்றப் பக்கங்களுக்குச் சாதாரண அச்சு மை போதும். கடைசி விரிப்பில் கறுப்பை அச்சடிக்காதே, கத்தியால் கோட்டையே வெட்டி எடுத்துவிடு. அந்த இடைவெளியில் பின்தாளின் நிறம் தெரியட்டும். தானாக உதிர்கிற புத்தகத்தைச் செய்ய என் கை ஒப்பாது. ஆயுசு முழுக்கப் பிரிந்த புத்தகங்களைச் சேர்த்துத் தைத்தவன் நான்.

காகிதம் பருத்திக் கூழில் செய்ததாக இருக்கட்டும். துணியும் அதுவும் ஒரே நார், கடுக்காய் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மில் காகிதமாக இருந்தால் நாரின் ஓட்டத்தை வளைத்துப் பார், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தப் பக்கமே மடிப்பு வர வேண்டும். குறுக்கே மடித்தால் மடிப்பில் வெடிக்கும். மடித்த தாள்களைப் பாரம் பாரமாகக் கட்டித் தைக்க வேண்டாம். விசிறி மடிப்பாக வை. முழுசாக விரித்தால் துணியைப் போல ஒரே நீளமாகக் கிடக்கும், வரிசையும் ஒரே பார்வையில் தெரியும். அட்டைக்கு மைதாப் பசை. நம் ஊரில் பூச்சிக்காக மயில்துத்தம் போடுவோம். உனக்கு அது வேண்டாம், செம்பு உப்பும் காகிதத்துக்கு ஆகாது.

லினோவைத் திரும்பத் தொடும் முன்னால் ஒருதரம் ஆக்ஸ்ஃபோர்ட் போய்விட்டு வா. அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நியூபெரி சேகரிப்பு என்று இருக்கிறது. பழைய கெய்ரோவின் ஃபுஸ்தாத் பக்கம் கிடைத்த இந்தியத் துணித் துண்டுகள், ஆயிரத்துக்கும் மேல். குஜராத்திலிருந்து போனவை, கட்டையில் அச்சடித்தவை, பல நூறு வருஷம் பழையவை. அரசர் வீட்டுத் துணி இல்லை, ஜனங்கள் கட்டிக் கிழித்தவை. ஓரம் தைத்த தையல், ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் இருக்கும். எழுதிக் கேட்டுப் பார், கண்ணாடிக்கு வெளியே காட்டினால் பின்பக்கத்தையும் பார்க்கக் கேள். சாயம் எவ்வளவு உள்ளே இறங்கியது என்று பின்பக்கம்தான் சொல்லும்.

மாமா வீட்டுப் பையன் அடுத்த மாதம் லண்டன் வருகிறான். கடுக்காய்த் தூளும், சிவப்புக்கு நாட்டுமருந்துக் கடை மஞ்சிட்டி வேரும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சாயவேர் கிடைக்கவில்லை. இரும்பு நீரை நீயே போட்டுவிடு, மூன்று வாரமாவது ஆகும், இன்றைக்கே ஊறவை. வாடை அடிக்கும், அறைத்தோழியிடம் முன்னாலேயே சொல்லிவிடு. அம்மா முறுக்கும் சேர்த்துக் கட்டுகிறாள். மை தொட்ட கையோடு அதைத் தின்னாதே என்று எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா