கதவின் கண்ணைக் கட்டாதே

கோயம்புத்தூர்

அன்புள்ள கவிதாவுக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். பாப்பா போனைப் பிடுங்கிக்கொண்டாள், பிறகு உன் அம்மா பிடுங்கிக்கொண்டாள். எழுதி அனுப்பினால் யாரும் பிடுங்க முடியாது. அச்செடுத்து கராஜ் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில்: கூடவே கூடாது. கார் நிறுத்தும் கராஜின் தானியங்கிக் கதவுக்கு இரு ஓரத்திலும், வழியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கும் சென்சார் இரண்டையும் கழற்றி, மேலே மோட்டார் பக்கத்தில் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைத்து டேப் சுற்றிவிட்டால் தொல்லை விட்டது என்று மாப்பிள்ளை ஏதோ வீடியோவில் பார்த்ததாகச் சொன்னாயே, அதைச் சொல்கிறேன். தொல்லை விடும்தான். அதன் பிறகு அந்தச் சென்சார் எந்நேரமும் "வழி காலி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். கீழே யார் நின்றாலும் கதவு இறங்கும். நான் மறுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டாம். "அப்பா வேறு வழி சொல்லியிருக்கிறார்" என்று மட்டும் சொல். காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில், வெளியே பனி கொட்டும்போது, கதவு பாதியில் திரும்பி மேலே போனால் யாருக்கும் எரிச்சல் வரும்.

இந்த வித்தையை நான் மில்லில் வேண்டிய மட்டும் பார்த்திருக்கிறேன். பஞ்சுப் பட்டையை மெல்லிய இழையாக இழுக்கும் சிம்ப்ளெக்ஸ் மெஷினில் இழை அறுந்தால் ஓட்டத்தை நிறுத்த ஒளிக்கண் வைத்திருப்பார்கள். அதன்மேல் பஞ்சுத் தூசி படிந்தால் இழை அறாமலே மெஷின் நிற்கும். உற்பத்திக் கணக்கு குறைகிறதே என்று நைட் ஷிஃப்டில் யாராவது அந்தக் கண்ணையே ஏமாற்றி வைத்துவிடுவார்கள். துணியை எடுத்துத் தூசியைத் துடைக்க ஒரு நிமிடம் ஆகாது. அதைச் செய்ய மட்டும் ஆளிருக்காது. காலையில் நான் போய்ப் பார்த்தால் ரோலரில் இழை சுற்றிக் கிடக்கும். அங்கே வீணானது பஞ்சு. உன் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டிருக்கிறாள்.

இந்தச் சென்சாரை யாரும் அலங்காரத்துக்கு வைக்கவில்லை. 1982 மார்ச் தொடங்கி, தானியங்கிக் கராஜ் கதவுக்கு அடியில் சிக்கி 2 வயது முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் சுமார் 60 பேர் இறந்திருக்கிறார்கள் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒரு பழைய எச்சரிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட சாவுகளால்தான் 1990-இல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல், நீங்கள் இருக்கும் அமெரிக்காவில் வீடுகளுக்காகத் தயாராகும் கராஜ் மோட்டார்களுக்கு, கதவு எதன் மீதாவது மோதினால் திரும்புவது மட்டும் போதாது; ஒளிக்கண் போல வெளியே இன்னொரு பாதுகாப்பும் இருக்க வேண்டும். உன் வீட்டில் இருப்பது அந்த இன்னொன்று.

அது வேலை செய்வது எளிய விஷயம். கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாத உயரத்தில் இரண்டு சிறு பெட்டிகள். ஒன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விட்டு விட்டு அனுப்புகிறது. எதிரில் இருப்பது அதை வாங்குகிறது. வாங்குகிறவருக்கு ஒளி வந்துகொண்டிருக்கும் வரை கதவு இறங்கும். வராவிட்டால், என்ன காரணத்தால் வரவில்லை என்று அது ஆராயாது. இறங்கும் கதவைத் திருப்பி மேலே அனுப்பிவிடும். குழந்தையின் கால் என்றாலும் சிலந்தி வலை என்றாலும் அதற்கு ஒன்றுதான். சந்தேகம் வந்தால் கதவைத் திறந்து வைப்பது என்பதே அதன் புத்தி. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டில் பிரச்சினை என்ன என்று நீ சொன்னதை வைத்துப் பார்க்கிறேன். கதவு ஓர் அடி இறங்கித் திரும்புகிறது, மேலே விளக்கு மின்னி மின்னி அணைகிறது. சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் முழுவதும் மூடுகிறது. இவை சென்சார் தடுக்கிறது என்பதற்கான அடையாளங்கள். மோட்டாரில் கோளாறு இல்லை. இன்னொன்றும் சொன்னாய், அதுதான் முக்கியம்: வெயில் அடிக்கும் காலையில்தான் இந்த வம்பு, ராத்திரியில் ஒழுங்காக மூடுகிறது, மேகம் போட்ட நாளிலும் மூடுகிறது.

கிழக்குப் பார்த்த வாசல்தான் வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் பிடிவாதம் பிடித்ததால் நீங்கள் தேடித் தேடி வாங்கிய வீடு. கராஜும் வாசலோடு சேர்ந்து கிழக்கையே பார்க்கிறது. மிச்சிகனில் குளிர்காலத்துச் சூரியன் நேர்கிழக்கில் எழாது, தென்கிழக்கில் எழும். எழுந்தும் வெகுநேரம் தாழ்வாகவே கிடக்கும். அந்த வெயில் திறந்த கதவு வழியாகச் சரிந்து உள்ளே நுழைந்தால் எதன் முகத்தில் அடிக்கும்? தெற்கைப் பார்த்தபடி வடக்குச் சுவரோரம் இருக்கும் பெட்டியின் முகத்தில். கராஜுக்குள் நின்று வெளியே பார்த்தால் உன் இடது கைப்பக்கம். அது வாங்கும் பெட்டியாக இருந்துவிட்டால், எதிரிலிருந்து வரும் சின்ன ஒளி வெயில் வெள்ளத்தில் அதற்குத் தெரியாது.

இதை ஊகமாக விட வேண்டாம். வெயில் வரும் ஒரு காலையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு இரு பெட்டிகளிலும் இருக்கும் சிறு விளக்கைப் பார். பெரும்பாலும் ஒன்றில் ஆரஞ்சு, மற்றதில் பச்சை. சில கம்பெனிகளில் சிவப்பும் பச்சையும் இருக்கும், அதை உன் மோட்டாரோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள். ஆரஞ்சு என்றால் அனுப்பும் பெட்டி. அது எரிவதைப் பார்த்து எல்லாம் சரி என்று ஏமாறாதே. அதற்குக் கரண்ட் வருகிறது என்பதைத் தவிர அந்த விளக்கு வேறெதுவும் சொல்வதில்லை. பச்சைதான் வாங்கும் பெட்டி, உண்மையைச் சொல்வது அதுதான். பச்சை அணைந்திருந்தால், நடுவில் போகும் ஒளியை மறைக்காமல், வெயில் வரும் பக்கத்தில் மட்டும் ஓர் அட்டையைப் பிடித்துப் பெட்டிமேல் நிழல் விழச் செய். நிழல் பட்டதும் பச்சை எரிகிறது, அட்டையை எடுத்ததும் அணைகிறது என்றால் குற்றவாளி சூரியன்தான்.

தற்காலிகமாக, சமையலறைப் பேப்பர் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாயை மூன்று அங்குலம் வெட்டி, அந்தக் கண்ணைச் சுற்றி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டு. குழாய் கொஞ்சம் சாய்ந்தாலும் ஒளியை அதுவே மறைத்துவிடும், பார்த்துச் செய். நிரந்தர வழி, இரண்டையும் இடம் மாற்றுவது: அனுப்பும் பெட்டியை வெயில் முகத்தில் அடிக்கும் அந்த வடக்குச் சுவருக்கும், வாங்கும் பெட்டியை எதிர்ப் பக்கத்துக்கும். அனுப்புகிறவர் முகத்தில் வெயில் அடித்தால் ஒன்றும் கெடாது. மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும். வழக்கமாக ஒரு வெள்ளை ஒயர், கறுப்புக் கோடு போட்ட வெள்ளை ஒயர் என்று இரண்டு வரும். நிறத்துக்கு நிறம் சேர்த்து இணைக்க வேண்டும். இது மாப்பிள்ளை செய்யக்கூடிய வேலைதான். அவரிடமே கொடுத்துவிடு, டேப் ஆசையும் அடங்கும்.

வெயில் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதே. போன கோடையில் அங்கே இருந்தபோதே கவனித்தேன்: சக்கரம் வைத்த அந்தக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துப் போகும்போது வலது பக்கப் பெட்டியை ஒவ்வொரு முறையும் உரசிக்கொண்டு போகிறீர்கள். அந்தப் பெட்டி ஒரு தகரப் பட்டையில்தான் நிற்கிறது. நூலளவு திரும்பினாலும் எதிரில் உள்ள கண்ணைவிட்டு ஒளி விலகிவிடும். பச்சை விளக்கு நடுங்கினால் இதுதான் சங்கதி.

நேராக்கும் விதம் இது. முதலில் இரண்டு கண்ணையும் மெல்லிய துணியால் துடை. சாலையில் போடும் உப்பு டயரோடு உள்ளே வந்து காய்ந்து வெள்ளைப் படலமாக அதன்மேல் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடை. சிலந்தி வலை இருந்தால் எடு. அடுத்து, கொத்தனார் நூல் பிடிக்கிற மாதிரி, ஒரு பெட்டியின் கண்ணுக்கு நேரே ஒரு நூலைக் கட்டி எதிர்ப் பெட்டி வரை இழுத்துப் பிடி. இரண்டும் ஒரே உயரம்தானா, நூல் இரு கண்ணுக்கும் நேராகப் போகிறதா என்று தெரிந்துவிடும். ரசமட்டம் வைத்தும் பார்க்கலாம். பிறகு நூலை எடுத்துவிட்டு, வாங்கும் பெட்டியின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, மெல்ல மெல்லத் திருப்பு. பச்சை நடுங்காமல் நிலையாக எரியும் இடத்தில் நிறுத்து. நட்டை முடுக்கும்போதுதான் பெட்டி நம்மை ஏமாற்றித் திரும்பும். ஒரு கையால் பெட்டியை அழுத்திப் பிடித்து, விளக்கிலிருந்து பார்வையை எடுக்காமல் முடுக்கு.

முடுக்கியதும் பட்டையை விரலால் லேசாகத் தட்டிப் பார். தட்டினால் பச்சை கண் சிமிட்டுகிறதென்றால், கதவு ஓடும் அதிர்வுக்கும் சிமிட்டும். பட்டை சுவரில் பிடித்திருக்கும் ஸ்குரூவை முடுக்க வேண்டும், வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டும். குப்பைத் தொட்டியை இடம் மாற்றி வை, அதற்கு ஸ்குரூ டிரைவர் தேவையில்லை.

ஒயர் விஷயம் சுருக்கமாக. இரண்டு பெட்டியிலும் விளக்கே இல்லையென்றால் மோட்டாரில் ஒயர் மாட்டிய இடத்திலிருந்து தேடத் தொடங்கு. சுவர் நெடுக ஒயரை ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொண்டுபோயிருப்பார்கள். ஒரு பின் தோலைக் குத்தி உள்ளே இறங்கியிருந்தாலே போதும். சோதிக்க மட்டும் இரண்டு பெட்டியையும் கழற்றி, புது ஒயர்த் துண்டால் மோட்டாருக்கு அருகிலேயே ஒன்றையொன்று பார்க்கும்படி இணைத்துப் பார்: விளக்கு வந்தால் ஒயர்தான் பழுது, வராவிட்டால் பெரும்பாலும் பெட்டி. அனுப்பும் பெட்டியின் மேல் சந்தேகம் வந்தால் போனின் முன்பக்கக் கேமராவை அதன் கண்ணுக்கு நேரே பிடி. பல போன்களில் நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி ஊதாப் புள்ளியாகத் திரையில் தெரியும். டி.வி. ரிமோட்டிலும் இப்படித்தான் நான் பார்ப்பேன்; பாப்பாவுக்குக் காட்டு, ரொம்பப் பிடிக்கும்.

கதவு தரையைத் தொட்ட பிறகு திரும்பினால் அது வேறு கதை. அடியில் பனிக்கட்டி உறைந்திருக்கலாம், அல்லது கதவு எவ்வளவு இறங்க வேண்டும் என்று மோட்டாரில் வைத்த அளவு மாறியிருக்கலாம். அதற்குச் சென்சாரைத் திட்டாதே.

இதெல்லாம் சரியாகும் வரை, பொத்தானை அழுத்திப் பிடித்து மூடிக்கொள்ளலாம். அதற்கென்றே அந்த வசதி இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சென்சார் காவலுக்கு இல்லை, நீதான் காவல். கதவு தரையைத் தொடும் வரை அங்கேயே நின்று பார். பாப்பா எங்கே என்று தெரிந்த பிறகே அழுத்து.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பரிசோதனைகள். மாதம் ஒருமுறை செய்யச் சொல்லி ஆணையமே சொல்கிறது. ஒன்று, கதவு இறங்கும்போது துடைப்பத்தை ஒளிக்குக் குறுக்கே நீட்டு. உடனே திரும்ப வேண்டும். இரண்டாவது, ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள மரப்பலகையைக் கதவுக்கு நேர் கீழே படுக்க வைத்து மூடு; பலகையைத் தொட்ட 2 விநாடிக்குள் கதவு மேலே போக வேண்டும். சென்சார் இருக்கும்போது பலகை எதற்கு என்று மாப்பிள்ளை கேட்பார். சென்சார் பார்ப்பது தரையை ஒட்டிய ஒரே ஒரு கோட்டை. உங்கள் உயரமான வண்டி வாசலில் பாதி உள்ளே பாதி வெளியே நின்றால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வண்டிக்கு அடியிலேயே அந்த ஒளி தாராளமாகப் போய்விடும். வழி காலி என்று நினைத்துக் கதவு வண்டியின் கூரைமேல் இறங்கும். அங்கே காப்பாற்றுவது மோதினால் திரும்பும் குணம் மட்டும்தான். பலகைப் பரிசோதனையில் தோற்றால் மோட்டாரை உபயோகிக்காதே. கதவு மூடியிருக்கும்போது அந்தச் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து விடுவித்து, கையால் திறந்து மூடிக்கொண்டு, மெக்கானிக்கைக் கூப்பிடு.

சுவர்ப் பொத்தான் பாப்பாவின் கைக்கு எட்டக் கூடாது. தரையிலிருந்து 5 அடி உயரமாவது இருக்க வேண்டும். அதன் கீழே செருப்பு வைக்க ஒரு ஸ்டூல் போட்டிருந்தீர்கள். அவள் அதன்மேல் ஏறிவிடுவாள். இறங்கும் கதவுக்கு அடியில் ஓடும் விளையாட்டை அவள் தொடங்கும் முன்பே கண்டித்துவிடு. செல்லம் கொடுப்பதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

இரண்டு விளக்குகளும் தெரிகிற மாதிரி ஒரு படம், வெயில் நேரத்தில் ஒன்று, ராத்திரியில் ஒன்று எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: கதவுக்கு மேலே நீளமாகச் சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கிலோ, ஓரத்தில் இறங்கும் எஃகுக் கம்பியிலோ, அது பிடித்திருக்கும் அடித்தகட்டின் ஸ்குரூவிலோ நீயும் மாப்பிள்ளையும் கை வைக்க வேண்டாம். கதவின் முழு எடையையும் தாங்கும் முறுக்கு அதில் ஏறியிருக்கிறது. தெறித்தால் எலும்பை முறிக்கும். அதற்கு எவ்வளவு கேட்டாலும் ஆளுக்குப் பணத்தைக் கொடுத்துச் செய்யுங்கள். நானே அங்கே இருந்தாலும் அதைத் தொட மாட்டேன்.