சரசுவுக்கு, கோபியிலிருந்து

அன்புள்ள சரசு,

உன் நங்கையாவுக்கு வர்ற வாரம் கோயமுத்தூர்ல மார்புப் புத்துநோய் ஆபரேஷன்னு கேட்டதுல இருந்து ஒரே வெசனம். கட்டியைப் பத்தி டாக்டர் சொல்லுவார். வலியைப் பத்தி, அதே ஆபரேஷன்ல பட்டவ நான் சொல்றேன்.

நம்ம பக்கத்துப் பொம்பளைக, எவ்வளவு வலின்னு நர்ஸ் கேட்டா, உயிர் போனாலும் ‘பரவால்லீங்க’ம்போம். நங்கையாவை அப்படிச் சொல்ல விடாதே. ஆபரேஷன் ஆன முதல் சில நாள் வலி கடுமையா இருந்தவங்களுக்குத்தான் அது மாசக்கணக்குல தங்கிப்போறதும் அதிகம். முதல்ல வர்ற வலியாலதான் அது தங்குதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம். இருந்தாலும் கேட்டு மருந்து வாங்கறதுல என்ன நட்டம்? நெஞ்சுப் பக்கத்து நரம்பை மரக்க வெக்கிற ஊசி போட முடியுமான்னு மயக்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டுருங்க.

எனக்கு வலி தங்கிருச்சு. தையல் ஆறியும் மேல்கை உள்பக்கம் மரத்தே கெடக்கு. அதுலயே ரவிக்கை ஓரம் உரசினா மொளகா பட்டாப்பல எரியுது. அக்குள்ல இருக்கற நெறியை, அதான் நிணநீர் முடிச்சை, எடுக்கறப்போ அந்த வழியா ஓடற நரம்பு அடிபடறதால வர்றது. ஒரு ஆஸ்பத்திரியில ‘எல்லாம் மனசுதாம்மா’ன்னு அனுப்பிட்டாங்க. அடுத்துப் பார்த்த டாக்டரம்மா பஞ்சால தடவித் தடவி, உணர்ச்சி இல்லாத எடத்தைச் சுத்திப் பேனாவுல கோடு போட்டாங்க. என் கையில வரைபடமே இருந்துச்சு! சாதா வலி மாத்திரை இதுக்கு அவ்வளவா கேக்காதுன்னு அமிட்ரிப்டிலின்னு நரம்பு வலிக்குக் குடுக்கற மாத்திரை எழுதினாங்க. வாய் வறளுது, தூக்கமாத் தள்ளுது, ஆனா எரிச்சல் பாதியாச்சு.

‘அதான் எடுத்தாச்சே, இன்னும் என்ன வலி’ன்னு ஒறம்பரைக கேப்பாங்க. டென்மார்க்ல ஆபரேஷன் ஆகி ரெண்டு மூணு வருஷமான மூவாயிரத்துச் சொச்சம் பொம்பளைகளைக் கேட்டதுல 47 சதவீதம் பேர் வலி இருக்குன்னாங்களாம். 2009ல வந்த ஆய்வு. அத்தனை பேருமா நடிப்பாங்க? வலின்னாலே சீக்கு திரும்பிருச்சுன்னும் பயப்பட வேண்டியதில்லை. புதுசா வந்தா, ஏறிக்கிட்டே போனா மட்டும் உடனே காட்டிரோணும்.

டாக்டர் சொன்னதும் கையை அசைக்க வையி. பயந்து மடக்கியே வெச்சா தோள் இறுகிரும்.

இங்க வாய்க்கால்ல தண்ணி விட்டாச்சு, நடவுக்குத்தான் ஆள் கெடைக்கலை. உன் தென்னையில வெள்ளை ஈ கொறஞ்சுதா?

நங்கையாவோட ரவிக்கை அளவு அனுப்பு. முன்பக்கம் கொக்கி வெச்சு, தொளதொளன்னு ரெண்டு தெச்சு பஸ்ல குடுத்து விடறேன்.

உன்
மணி