காற்றில் நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நலமாக இருக்கிறேன். ஆற்றுப் படகு வழிகாட்டிகளான எங்களுக்கு நடந்த பயிற்சி முகாம் எப்படிப் போனது என்று அப்பா போனில் கேட்டபோது காற்று இரைச்சலில் பாதிப் பேச்சு உங்களுக்கு வந்து சேரவில்லை. அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. முகாம் முடிந்த அன்று மாலை காற்று இன்னும் வலுத்ததால் எல்லோரும் அவசரமாகச் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நன்றி சொல்ல நினைத்த பலருக்கு என்னால் கையசைக்க மட்டுமே முடிந்தது. அவர்களைப் பற்றி உங்களிடமாவது முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

இடம் அரிசோனாவின் வடக்கே உள்ள மார்பிள் கேன்யன். செந்நிற வெர்மிலியன் மலைச்சரிவுகளின் அடிவாரம். பக்கத்தில் லீஸ் ஃபெர்ரி. கிராண்ட் கேன்யனுக்குள் கொலராடோ ஆற்றில் இறங்கும் எங்கள் படகுகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஆற்றின் மைல் கணக்கும் அங்கேதான் 0. பள்ளத்தாக்கின் மறுமுனை 277 மைல், ஏறக்குறைய 446 கிலோமீட்டர். வழியில் பெரும்பாலான இடங்களுக்குச் சாலையே கிடையாது. ஆகவே துடுப்புப் போடுகிறவரே சமைக்க வேண்டும், காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும், நீரில் விழுந்தவரை இழுத்துக் காப்பாற்றவும் வேண்டும். பயணக் காலம் சூடுபிடிப்பதற்கு முன் வழிகாட்டிகள் ஒன்றுகூடிப் பயிற்சி எடுப்பது இதற்காகத்தான்.

வசந்தகாலத்தில் இந்தப் பாலைநிலத்தில் காற்று அதிகம் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் இந்த முறை அடித்த காற்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. உரை நடந்துகொண்டிருந்த பெரிய கூடாரம் பாய்மரம்போல உப்பிக்கொண்டு முளைகளைப் பிடுங்கத் தொடங்கியது. நரைத்த தாடியோடு இருந்த ஒரு மூத்த வழிகாட்டி சத்தமில்லாமல் எழுந்துபோய் மூலைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் மற்ற மூலைகளுக்குப் போனார்கள். உரை முடியும்வரை அவர்கள் உட்காரவே இல்லை. கம்பம் துள்ளும்போதெல்லாம் அவருடைய கை நரம்புகள் புடைத்து அடங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நன்றி அந்தக் கைகளுக்கு.

அப்போது பேசியவர் ஒரு நிலவியலாளர். கொண்டுவந்த படங்களை விரித்தால் பறந்துவிடும் என்பதால், லாரியின் பக்கவாட்டில் சாக்கட்டியால் வரைந்தே விளக்கினார். 1966 டிசம்பரில் பெய்த பெருமழையில் கிரிஸ்டல் என்ற கிளைப் பள்ளத்தாக்கு பாறைகளையும் சேற்றையும் அடித்துக்கொண்டுவந்து ஆற்றில் தள்ளியது. அதற்கு முன் பெரிதாகப் பொருட்படுத்தாமல் கடந்த இடம், அதன் பிறகு படகோட்டிகள் மிகவும் அஞ்சும் இடங்களில் ஒன்றாகிவிட்டது. ஆற்றின் நடுவே ஏன் ஒரு பள்ளம் விழுந்து அலை திரும்பிச் சுருள்கிறது என்பது அந்தச் சாக்கட்டிக் கோடுகளில்தான் எனக்கு விளங்கியது. அவருக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன்.

மீட்புப் பயிற்சியைப் பற்றி அப்பாவுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். சிறிய பையில் மிதக்கும் கயிற்றை அடைத்து வைத்திருப்போம். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, நீரில் போகிறவரை நோக்கிப் பையை எறிய வேண்டும். எதிர்க்காற்றில் உயர எறிந்த பைகள் எல்லாம் வளைந்து கரைப்பக்கமே வந்து விழுந்தன. கற்றுத்தந்த பெண்மணி பொறுமையாக ஒவ்வொருவரின் தோளையும் பிடித்துத் திருத்தினார். முதலில் கூப்பிடு, அவர் உன்னைப் பார்க்கட்டும். பிறகு தாழ்வாக, அவரைத் தாண்டிப் போகும்படி எறி என்றார். நீரில் இருப்பவரும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. தோளுக்கு மேலாகப் பிடித்து மல்லாந்து கிடக்க வேண்டும். ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் கால் பாறைக்கிடையில் மாட்டிக்கொள்ளும். வெள்ளம் ஆளை அப்படியே முன்னால் கவிழ்த்து அமுக்கிவிடும்.

நாங்கள் எறிந்து பழகுவதற்காகச் சிலர் மதியம் முழுக்க மாறிமாறி நீரில் இறங்கினார்கள். க்ளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர் அது. கோடையில் கரை 40 டிகிரியைத் தாண்டும்போதுகூட ஆறு உடம்பை நடுக்கும். உதடு நீலம் பாரிக்கக் கரையேறி, போர்வையைப் போர்த்திக்கொண்டு, "இன்னொரு தடவை எறியுங்கள்" என்று அவர்கள் மறுபடியும் இறங்கினார்கள். அவர்களுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை.

காற்றுக்காகப் பயிற்சியைத் தள்ளி வைத்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளத்தாக்குக்குள் காற்று பெரும்பாலும் ஆற்றுக்கு எதிராகத்தான் அடிக்கும். துடுப்பை நிறுத்தினால் படகு வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதிகாலையில் கிளம்புவது, நடு நீரோட்டத்தை விடாமல் பிடித்திருப்பது, களைப்பதற்கு முன்பே ஆள் மாற்றிக்கொள்வது எல்லாம் காற்றடிக்கும்போது பழகினால்தான் கைக்கு வரும்.

சமையல் செய்தவர்கள் இரண்டு லாரிகளைக் குறுக்கே நிறுத்தி அதன் மறைவில் அடுப்பு மூட்டினார்கள். மணல் விழாமல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூடி பிடிக்க ஓர் ஆள் நின்றார். சாப்பிடும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோமா என்று பார்க்கவும் ஒருவர் இருந்தார். முகாமில் வயிற்றுப்போக்குத் தொற்றினால் கிருமிநாசினி ஜெல்லை மட்டும் நம்பிப் பயனில்லை. கழிப்பிடங்களைச் சுத்தம் செய்தவர்களையும் சொல்ல வேண்டும். ஆற்றுப் பயணத்தில் மனிதக் கழிவைக்கூட அங்கே விட்டுவர அனுமதி இல்லை, பெட்டியில் அடைத்துத் திரும்பக் கொண்டுவந்தாக வேண்டும். அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்பவர்களை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

கிராண்ட் கேன்யனோடு தொன்றுதொட்டு உறவுடைய பழங்குடிகள் 11 என்று தேசியப் பூங்கா குறிப்பிடுகிறது. அவர்களில் ஒரு பெரியவர் வந்து பேசினார். காற்றுக்கு மேல் குரலை உயர்த்தவே இல்லை. நாங்கள்தான் நெருங்கி நெருங்கி அவர் காலடிக்கே போய் உட்கார்ந்தோம். தன் முன்னோர் இன்னும் வாழும் வீட்டுக்குள் நாங்கள் விருந்தாளிகளை அழைத்துப் போகிறோம் என்றார். அவ்வளவு தூரம் வந்ததற்கும் எங்களை நம்பிப் பேசியதற்கும் அவருக்கு என் வணக்கம்.

கிடங்கைத் திறந்துவிட்டவர்கள், மருத்துவப் பயிற்சி தந்தவர்கள், கடைசிவரை நின்று குப்பை பொறுக்கியவர்கள் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இந்த வாரமே தனித்தனியாக எழுதப் போகிறேன்.

உங்களுக்கும் நன்றி. ஆற்று வேலை என்றதும் அம்மாவுக்கு எவ்வளவு பயம் என்பது எனக்குத் தெரியும். பயத்தோடேதான் என்னை அனுப்பினீர்கள், தடுக்கவில்லை. படகில் இருக்கும்வரை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லை அம்மா.

அடுத்த வாரம் முதல் பயணம் கிளம்புகிறது. உள்ளே போன் எடுக்காது. வெளியே வந்ததும் நானே கூப்பிடுகிறேன். அதுவரை அழைப்பு வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்