அட்லஸில் நீ தேடித் தோற்ற புள்ளி

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை.

எட்டாம் வகுப்பு அட்லஸ் விளையாட்டில் இல்லாத ஊரைச் சொல்லி உன்னை ஏமாற்றினேன் என்று இன்னமும் எழுதுகிறாயே! டிரிஸ்டன் ட குன்யா இருக்கிறதப்பா. நீ ஒரு பீரியட் முழுக்கப் பசிபிக்கில் தேடினாய். அந்தத் தீவு கிடப்பது தெற்கு அட்லாண்டிக்கில். 1987-ல் என் கண்ணாலேயே பார்த்தேன்.

பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் சோயா ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தோம். ஆறு நாளாகத் தண்ணீரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. காலை எட்டு மணிக்கு வாட்ச் டியூட்டி முடிந்து எஞ்சின் ரூமிலிருந்து மேலே வந்தால், கடலுக்குள்ளிருந்து ஒரு கூம்பு எழுந்து நிற்கிறது. கழுத்தில் மேகம், உச்சியில் பனி. 2,062 மீட்டர், கிட்டத்தட்ட நம் கொடைக்கானல் உயரம். நேரே கடலிலிருந்து கிளம்புகிறது. குறுக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். முழுத் தீவுமே ஓர் எரிமலை. அதன் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னச் சமவெளியில் ஒரே ஒரு ஊர். பெயர் மட்டும் பெரிது: ஏழு கடல்களின் எடின்பரோ. மொத்தம் இருநூற்றைம்பது பேர்கூட இல்லை. விமான நிலையம் கிடையாது. கேப் டவுனிலிருந்து 2,800 கிலோமீட்டர், கப்பலில் ஒரு வாரம், அதுவும் வருஷத்தில் சில தடவைதான்.

அங்கே ஜனம் வந்த கதை வேடிக்கையானது. நெப்போலியனை செயின்ட் ஹெலனாவில் அடைத்த ஆங்கிலேயர்கள், யாராவது இந்தப் பக்கமாக வந்து அவனை மீட்டுவிடப் போகிறார்கள் என்று பயந்து 1816-ல் இங்கே பட்டாளத்தை இறக்கினார்கள். இரண்டு தீவுக்கும் இடையில் 2,400 கிலோமீட்டர்! கன்னியாகுமரியில் கைதியை அடைத்துவிட்டு டெல்லியில் காவல் போட்ட மாதிரி. மறு வருஷமே பட்டாளம் திரும்பிவிட்டது. வில்லியம் கிளாஸ் என்ற கார்ப்பொரல் மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டார். கூட இருந்த ஒண்டிக்கட்டைகளுக்காக 1827-ல் செயின்ட் ஹெலனாவிலிருந்து ஐந்து பெண்கள் கப்பலேறி வந்தார்கள், முகம் தெரியாத ஆண்களைக் கட்டிக்கொள்ள. எனக்கு நெப்போலியனைவிட அந்த ஐந்து பேர்தான் பெரிய ஆள்.

மற்றவர்களைக் கடலே கொண்டுவந்து போட்டது. கிரீன் குடும்பத்தின் மூதாதை கப்பல் உடைந்து வந்த டச்சுக்காரர். ரெப்பெட்டோ, லவரெல்லோ என்ற பெயர்கள் 1892-ல் உடைந்த கப்பலிலிருந்து கரையேறிய இத்தாலிய மாலுமிகளுடையவை. எலிகளும் 1882-ல் அப்படித்தான், உடைந்த கப்பலிலிருந்து நீந்தி வந்தன. 1961-ல் ஊருக்குப் பக்கத்திலேயே எரிமலை வெடித்து, எல்லோரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஊர் திரும்புவதா என்று அங்கே ஓட்டெடுப்பு நடந்தது. 148 பேர் திரும்பலாம் என்றார்கள், ஐந்தே பேர் வேண்டாம் என்றார்கள். 1963-ல் திரும்பிப் போய் உருளைக்கிழங்கு போட்டார்கள், சிங்கி இறால் பிடித்தார்கள்.

நீ பறவைப் பித்தன் ஆயிற்றே, இதைக் கேள். பக்கத்தில் 'நெருங்க முடியாத தீவு' என்றே பெயருள்ள ஒரு தீவு. சுற்றிலும் செங்குத்துப் பாறை. உலகத்திலேயே மிகச் சிறிய பறக்காத பறவை அங்கே மட்டும்தான் இருக்கிறது. சுமார் நாற்பது கிராமே தேறுகிற ஒரு காணாங்கோழி. அதன் முன்னோர்கள் பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முன் தென் அமெரிக்காவிலிருந்து பறந்து வந்தவை. வந்த இடத்தில் விரட்ட ஆளில்லை, இறக்கையை மறந்துவிட்டன. புல்லுக்கடியில் சுரங்கப் பாதை போட்டு எலிபோல ஓடும். ஆனால் நிஜ எலி ஒரு ஜோடி கரையேறினால் அதன் கதை முடிந்தது. கோஃப் என்ற தீவில் சுண்டெலிகள் அல்பட்ராஸ் குஞ்சுகளை உயிரோடு கடித்துத் தின்கின்றன. குஞ்சு வாத்தைவிடப் பெரிது, ஆனாலும் எதிர்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். 2021-ல் ஹெலிகாப்டரில் விஷம் தூவினார்கள். அந்த வருஷக் கடைசியிலேயே கேமராவில் ஒரு சுண்டெலி தெரிந்துவிட்டது.

இனி சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடம். 2011 மார்ச்சில் 'ஒலிவா' என்ற சரக்குக் கப்பல், நாங்கள் போன அதே பாதையில், சாண்டோஸிலிருந்து சிங்கப்பூருக்கு, அதே சோயாவோடு போய், டிரிஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள நைட்டிங்கேல் தீவில் நேராக மோதியது. அத்தனை பெரிய கடலில் தப்பிக்க இடமா இல்லை? மாலுமிகள் 22 பேரும் பிழைத்தார்கள். எரிபொருள் எண்ணெய் முழுக்கக் கடலில். நெற்றியில் மஞ்சள் இறகு வைத்த பென்குயின்கள், இறகெல்லாம் கரும்பிசினாகக் கரைக்கு வந்தன. தீவு ஜனங்கள் மூவாயிரத்துக்கு மேல் பிடித்து ஊருக்குக் கொண்டுவந்து கழுவினார்கள். தங்கள் நீச்சல் குளத்தையும் அவற்றுக்கே விட்டுக்கொடுத்தார்கள். பெரும்பாலானவை பிழைக்கவில்லை. கப்பலிலிருந்து எலி இறங்கியிருக்குமோ என்று பொறி வைத்துக் காத்திருந்தார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

அன்று டெக்கில் நின்று நான் வாயைப் பிளந்து பார்த்தேனே, அப்போது எங்கள் கப்பல் எவ்வளவு கிட்டத்தில் போனது என்று தெரியுமா? மேகத்துக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக வீடுகள் தெரிந்தன. அவ்வளவு கிட்டத்தில் போக எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனோம்.

சரி, உன் மனைவியின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கமலா கேட்கச் சொன்னாள். நாங்கள் பங்குனியில் அங்கே வருகிறோம். இப்போது பெயர் சொல்வது உன் முறை. அட்லஸ் பேரனிடம் இருக்கிறது, வாங்கி வைக்கிறேன். பசிபிக்கிலேயே ஏதாவது சொல், உனக்குத்தான் அங்கே மூலை முடுக்கெல்லாம் தெரியுமே.

அன்புடன்,
ராமு