18 வெற்றிகளை ஒரே இரவில் கரைக்காதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் சிறிய, நடுத்தர கான்ஃபரன்ஸ்களை (கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் கூட்டமைப்புகளை) நடத்தும் ஆணையர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். பெண்கள் கூடைப்பந்தின் தேசியத் தொடரில் உங்களில் பலருக்கு உறுதியாகக் கிடைப்பது ஒரே ஒரு இடம். அதை மார்ச்சில் சில நாட்கள் நடக்கும் உங்கள் கான்ஃபரன்ஸ் டோர்னமெண்டில் ஜெயித்த அணிக்குக் கொடுக்காமல், சீசன் முழுக்க ஆடி முதலிடம் பிடித்த அணிக்குக் கொடுங்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி அப்படி என்று நீங்கள் கையை விரிக்க முடியாது, அந்த இடத்தை எந்த அடிப்படையில் கொடுப்பது என்று முடிவு செய்வது அந்தந்த கான்ஃபரன்ஸ்தான். ஹார்வர்ட் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸான ஐவி லீக் 2016 வரை டோர்னமெண்டே நடத்தாமல் சீசன் சாம்பியனைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்றால், 2025 மார்ச் 10 எனக்கு இன்னும் ஆறவில்லை. ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகப் பெண்கள் சன் பெல்ட் கான்ஃபரன்ஸில் 18 ஆட்டங்கள் ஆடி 18-ஐயும் ஜெயித்தவர்கள். வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்கிலிருந்து புளோரிடாவின் மேற்கு மூலையில் இருக்கும் பென்சகோலாவுக்கு வந்து, கான்ஃபரன்ஸ் டோர்னமெண்டின் இறுதி ஆட்டத்தை ஓவர்டைம் வரை இழுத்து, ஆர்கன்சா ஸ்டேட்டிடம் 86-79 என்று தோற்றார்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அவர்களுக்கு டபிள்யூபிஐடி என்ற இரண்டாம் தொடரில் இடம் கிடைத்தது. தேசியத் தொடருக்குள் வராத சீசன் சாம்பியன்களைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் தொடர் அது, 2024-ல் தொடங்கினார்கள். ஆறுதல் பரிசுக்கு என்றே தனியாக ஒரு விதி எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால் கோளாறு எங்கே என்று நீங்களே யோசியுங்கள்.

அதற்கு முந்தைய நாள் இண்டியானாபொலிஸில் பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டம். யுசிஎல்ஏ 72, யுஎஸ்சி 67. தோற்ற யுஎஸ்சிக்கு என்ன ஆயிற்று? தேர்வுக் குழு தானாகப் பார்த்துக் கொடுக்கும் இடங்களில் ஒன்றும், தேசியத் தொடரில் முதல் சீடும் (அணிக்குத் தரும் தரவரிசை எண்) கிடைத்தது! பெரிய கான்ஃபரன்ஸ்களில் மேலே இருக்கும் அணிகளுக்கு இந்த டோர்னமெண்ட் ஒரு திருவிழா, தோற்றால் கோப்பை போகும், கொஞ்சம் சீட் இறங்கும், அவ்வளவுதான். அந்தத் திருவிழாவை அப்படியே பார்த்து நீங்களும் வைத்துக்கொண்டீர்கள், ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு அது வாழ்வா சாவா ஆகிவிட்டது.

ஆர்கன்சா ஸ்டேட் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருக்கிற விதிப்படி ஆடி ஜெயித்து முதல்முறையாகத் தேசியத் தொடருக்குப் போனார்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் முதல் சுற்றில் யூகானிடம் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) 103-34 என்று தோற்றார்கள். அந்த வருடம் பட்டத்தையே தூக்கிய யூகானிடம் ஜேம்ஸ் மாடிசனும்தான் அடி வாங்கியிருக்கும் என்பீர்கள். சரி, இருக்கலாம். ஆனால் லீக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணிக்கு இன்னும் நல்ல சீட் கிடைத்து, யூகான் இல்லாத வேறு ஒரு எதிரி வந்திருக்க வாய்ப்பு உண்டு. 2025-லிருந்து பெண்கள் தொடரிலும் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கான்ஃபரன்ஸ்களுக்குப் பணம் வருகிறது, முதல் வருடமே மொத்தம் ஒன்றரைக் கோடி டாலர். ஒரு சுற்று தாண்டினால் லாபம் உங்களுக்குத்தான்.

1998-ல் 16-வது சீட் ஹார்வர்ட், முதல் சீட் ஸ்டான்போர்டை அவர்கள் ஊரிலேயே 71-67 என்று சாய்த்தது. (ஸ்டான்போர்டில் இரண்டு முக்கிய வீராங்கனைகளுக்குக் காயம், அதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த ஹார்வர்டை அனுப்பியது டோர்னமெண்ட் இல்லை, சீசன்.

இதே ஐவி 2017-லிருந்து நான்கு அணி டோர்னமெண்ட் வைக்கிறதே, 2025-ல் அதன் இறுதியில் தோற்ற சீசன் சாம்பியன் கொலம்பியாவும் தேசியத் தொடருக்குள் போனதே என்று கேட்கலாம். போனது, அதே ஐவியின் பிரின்ஸ்டனும் போனது. தேர்வுக் குழு கூடுதலாக இரண்டு இடம் கொடுத்ததால் தப்பித்தார்கள். அந்தக் கருணை சன் பெல்ட்டுக்கு வரவில்லை.

உங்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கும் மார்ச்சில் ஒரு நம்பிக்கை வேண்டும், டிவிக்காரர்களுக்குப் பரபரப்பு வேண்டும், மறுப்பதற்கில்லை. டோர்னமெண்டை நிறுத்தச் சொல்லவில்லை, கோப்பை கொடுங்கள், ஜெயித்தவர்கள் வழக்கப்படி கூடையின் வலையை வெட்டட்டும், கொண்டாடட்டும். சிலர் ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டீர்கள். வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போகின்றன. பேட்ரியட் லீக்கில் தரவரிசையில் மேலே இருப்பவர்கள் ஊரிலேயே ஆட்டம் நடக்கிறது. சன் பெல்ட்கூட 2025-ல் மேலே இருப்பவர்கள் பிந்தைய சுற்றில் நுழையும் படிக்கட்டு மாதிரி அட்டவணைக்கு மாறியது. ஆனால் பொதுவான ஊரில் ஒரே ஒரு ஆட்டம், அதில் ஒருத்திக்கு நாலாவது ஃபவுல் சீக்கிரம் விழுந்துவிட்டால் (ஐந்தானால் வெளியேற வேண்டியதுதான்) எந்த அட்டவணை காப்பாற்றும்?

அடுத்த கூட்டத்தில் இதை வாக்கெடுப்புக்கு விடுங்கள், இரண்டு சீசனுக்கு மட்டும் பரீட்சார்த்தமாக. அதற்கும் மனசு வரவில்லை என்றால் இறுதி ஆட்டத்தையாவது முதலிடக்காரர்கள் ஊரில் வையுங்கள். பென்சகோலாவில் காலி நாற்காலிகளுக்கு முன் ஆடுவதைவிட அங்கே கூட்டமும் வரும்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து ரசிகை