அந்த நடிகை வேண்டாம், உமையா

உ
சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள உமையாளுக்கு ஆத்தா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. எழுத நேரமில்லை என்றால் போனாவது பண்ணு. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையை மட்டும் அனுப்பாதே. அதைப் பார்த்து நீ சாப்பிட்டாயா இல்லையா என்று நான் என்னத்தைக் கண்டேன்?

இதை வாட்ஸ்அப்பிலேயே எழுதியிருக்கலாம். உன் அப்பச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை மேலிருந்து கீழ் வரைக்கும் படிப்பார்கள், உனக்குத் தெரிந்ததுதானே. அதனால்தான் காகிதம்.

அன்றைக்கு நீ கேட்ட விஷயம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தமிழ்நாட்டுக்கென்று ஒரு விளம்பரம், அதில் பேர் கெட்டுக் கிடக்கிற அந்த நடிகையைப் போட உங்கள் மும்பை ஆபீஸில் துடிக்கிறார்கள், ஊரில் என்ன சொல்வார்கள் என்று கேட்டாய். நான் “கருமம்” என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்கப்புறம் கட்டைவிரல்தான். அடுப்பில் எண்ணெய் காயும்போது கேட்டால் அப்படித்தான் பதில் வரும். இப்போது உட்கார்ந்து சொல்கிறேன், கோபப்படாமல் படி.

அந்தப் பெண் எப்படி நடித்தாள், யாரோடு சுற்றினாள் என்பதெல்லாம் எனக்குப் பேச்சே இல்லை. அது அவள் பாடு.

2024 பிப்ரவரியில் மெய்யம்மை கல்யாணத்துக்கு இரண்டாம் கட்டில் பலகாரம் போட்டுக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை. சின்னவள் போனைப் பார்த்து, பூனம் பாண்டே என்று ஒரு நடிகை செத்துப்போய்விட்டாள், 32 வயதுதான், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாம் என்று வாசித்தாள். எங்களில் பாதிப் பேருக்கு அவள் யாரென்றே தெரியாது. மனகோலம் பிழிந்துகொண்டிருந்த அழகம்மை ஆச்சி கையை நிறுத்திவிட்டு, “அதுக்கு முன்னாடியே எதுவும் தெரியுமாமா?” என்று கேட்டார்கள். நம் வளவில் அந்தக் கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சின்னவள் வாசிக்க ஆரம்பித்தாள். அதற்குள் சின்னவளின் மாமியார் குறுக்கே விழுந்து, “அவ போட்டோவைப் பாத்தியா? அந்த மாதிரிப் பொம்பளைக்கு வராம யாருக்கு வரும்?” என்றார்கள். அவ்வளவுதான். ஆச்சி மறுபடி பிழிய ஆரம்பித்துவிட்டார்கள்.

மறுநாள் அவளே வீடியோவில் வந்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றாள். அவளை வைத்து அதைச் செய்த விளம்பரக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது, கூகுளில் அந்த நோயின் பேரை எத்தனை பேர் தேடினார்கள் என்று கணக்கும் சொன்னது. அவள் செத்தாள் என்ற செய்தி வந்ததற்கு முதல் நாள்தான் பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் 9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த நோய் வராமலிருக்கப் போடுகிற தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்று வாசித்திருந்தார். அதைப் பற்றி இங்கே ஒருத்தரும் பேசவில்லை. அவள் செத்தது பொய் என்றால் நோயும் பொய் மாதிரி ஆகிவிட்டது. கூகுளில் தேடினவர்கள் எதைத் தேடினார்களோ, யார் கண்டது.

பொய் சொன்னது தப்பு, அதை விடு. நீ பொய் சொல்லப் போவதில்லை. எனக்கு அந்த மாமியார் சொன்ன வார்த்தைதான் உறுத்துகிறது. அந்த மாதிரிப் பொம்பளை. ஒரு பேர் கெட்ட முகத்தை அந்த நோயின் பக்கத்தில் நிறுத்தினால், இங்கே இருக்கிறவர்கள் அந்த வார்த்தையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் எவள் டெஸ்டுக்குப் போவாள்? போனவளை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், எதற்காகப் போனாளோ என்று.

தேவகோட்டைச் சின்னாத்தாவை நினைத்துப் பார். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி தவிர்த்து அவள் வாசப்படி தாண்டினது குறைவு. தீட்டு நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோனபோது டாக்டர் சொன்ன பேரை வீட்டில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் அவளை நினைத்துப் படைக்கிற படைப்பு அன்று “வயித்து வலியில போனவ” என்றுதான் பேச்சு. நீ இந்த வருஷம் படைப்புக்கு வரவில்லை. வருவாய் என்று உனக்கும் சேர்த்துத்தான் சமைத்தேன். சரி, போகட்டும்.

அதிர்ச்சியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஊரெல்லாம் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்று போர்டு வைத்திருந்தார்களே. பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்துவிட்டு யார் இந்தப் புள்ளிராஜா என்று உன் அப்பச்சியைக் கேட்டு நச்சரித்தாய், அவர்கள் உனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. புள்ளிராஜா யாருமில்லை, அதனால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். டீக்கடையில் நிற்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் அதிலும் இந்த வம்பு இருந்தது. ராஜா என்று பேர் வைத்தவனை எல்லாம் கேலி பண்ணினார்கள், புருஷனிடமிருந்து வந்த சீக்கோடு வீட்டுக்குள் இருந்த பெண்கள் இன்னும் உள்ளே போய்விட்டார்கள்.

தியேட்டரில் புகையிலை விளம்பரத்தில் முகேஷ் வந்தானே, அவனைப் பார்த்து உன் அண்ணன்கூடச் சிரித்ததில்லை. 24 வயதில் வாய்ப் புற்றுநோயில் செத்த பையன். சொல்கிறவனே பட்டவன், அதனால் யாரும் அவன் யோக்கியதையைக் கேட்பதில்லை. பெரிய நல்ல பேரும் ஒரு வகையில் ஆபத்துதான் உமையா. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்கக் கொரோனா ஊசி போட்டார், 17ஆம் தேதி மாரடைப்பில் போய்விட்டார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். நம் தெருவில் அதற்கப்புறம் ஊசி என்றாலே கதவைச் சாத்தினார்கள். அவருக்காகப் போட வந்தவர்கள் அவருக்காகவே நின்றுவிட்டார்கள்.

பேச்சுக்கு ஆளான பெண் என்பதற்காக மட்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் புதுக்கோட்டை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை இந்த ஊர்கள் பேசாத பேச்சா? தாயார் தேவதாசிக் குடும்பம் என்று காலேஜில் சேர்க்கவே தகராறு பண்ணினார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். உங்கள் நடிகை வீட்டிலும் யாராவது இப்படிப் போயிருந்து, அவளே அதைச் சொல்ல வந்தாளானால், அப்போது வேறு பேச்சு. அவள் பேர் கெட்டிருக்கிறது, அதனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டுக் கூப்பிடுவது வேறு.

இனி உன் அப்பச்சிக்குத் தெரியாத சங்கதி ஒன்று. குன்றக்குடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் எதிர்வீட்டு வள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் அந்த டெஸ்டை எடுத்துக்கொண்டு வந்தோம். பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கு வருகிற பெண், “30 வயசுக்கு மேல எல்லாரும் ஒரு தடவை பாத்துக்கணும் ஆச்சி, காசு கிடையாது” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திரை போட்ட அறை, உயரமான மேஜை, ஏறுவதற்கு ஒரு ஸ்டூல், அது ஆடியது. நர்ஸ் பஞ்சை வினிகர் மாதிரி ஒரு திரவத்தில் நனைத்துத் தடவினாள். ஊறுகாய் பாட்டிலைத் திறந்த வாசனை. ஒரு நிமிஷம் பார்க்க வேண்டுமாம், கெட ஆரம்பித்த இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியுமாம். அந்த ஒரு நிமிஷமும் நர்ஸ் என்னிடம் மும்பையில் வாடகை எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுமில்லை. வள்ளியை மட்டும் மறுபடி வரச் சொன்னார்கள், பயப்பட ஒன்றுமில்லை, ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் புற்றாக விடாமல் அங்கேயே சரி பண்ணிவிடலாம் என்றார்கள்.

அந்த நர்ஸ் இன்னொன்றும் சொன்னாள். இந்த நோய் ஒரு வைரஸால் வருகிறதாம், அந்த வைரஸ் குடும்பம் நடத்துகிற அநேகம் பேருக்கு எப்போதாவது வந்து தானாகவே போய்விடுமாம். சிலருக்குத்தான் தங்கிவிடுமாம், தங்கினாலும் புற்றாக 15, 20 வருஷம் ஆகுமாம். ஒரே புருஷனோடு இருந்தவளுக்கும் வரும். சின்னாத்தாவுக்கு வந்த மாதிரி. இதை உன் விளம்பரத்தில் ஒரு நர்ஸ் சொல்லட்டும், இதே மாதிரி வாடகை கேட்டுக்கொண்டே சொல்லட்டும். எங்கே போக வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், காசு உண்டா இல்லையா, இது மூன்றும் வர வேண்டும். 2020 கணக்கில் நம் நாட்டில் ஒரு வருஷத்தில் 77,000 பேருக்கு மேல் இதில் போனார்கள் என்று நீயே அனுப்பியிருந்தாய். அத்தனை பேரும் என்ன, அந்த மாதிரிப் பொம்பளைகளா?

டெஸ்டுக்குப் போன பெண்ணை ஏன் போனாய், எதற்குப் போனாய் என்று யாரும் கேட்கக்கூடாது. கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ. உன் விளம்பரத்தைப் பார்க்கிற தாயார்களுக்கு அதையும் சொல்.

நீ போன தடவை செய்த தண்ணீர் விளம்பரத்தை உன் அப்பச்சி நகரக் கோயிலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல மாட்டார்கள். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கண் விழிக்காதே. காலையில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போ. அந்த நடிகை வேண்டாம், நர்ஸைப் போடு.

உன் பேருக்கு இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இந்த விலாசத்துக்கு ஒரு கவர் வந்தது. ஜன்னல் வழியாக ஆஸ்பத்திரிப் பேரும் எந்தப் பிரிவு என்பதும் தெரிகிறது. நான் பிரிக்கவில்லை. உன் அப்பச்சி பார்க்கவில்லை, தபால்காரரிடம் நான்தான் வாங்கினேன். பலகாரத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் டிக்கெட் போட்டுக்கொண்டு நான் வருகிறேன், வந்தால் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், வேறெதுவும் பேச மாட்டேன். வேண்டாம் என்றால் கட்டைவிரலாவது அனுப்பு.

சீப்புச் சீடை கீழ் டப்பாவில் இருக்கிறது, மனகோலம் மேலே. திறந்துவிட்டு அப்படியே வைக்காதே, உங்கள் ஊர் ஈரத்துக்கு ரெண்டு நாளில் நமுத்துவிடும்.

இப்படிக்கு
ஆத்தா