மூன்றாவது மாத்திரை வேண்டாம்

அன்புள்ள கண்ணா,

காலை எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் கவனக்குறைவுக்கான மெத்தில்பெனிடேட் மாத்திரையைப் பத்து மில்லிகிராம் போட்டும் மூன்று மணிக்கு மந்தமாகிவிடுகிறது, இன்னொன்று போடலாமா என்று கேட்டிருந்தாய். டாக்டர் சொல்லாமல் போடாதே.

இந்த மாத்திரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கொரு தரம் பாதியாகும். ஆனால் நீ உணரும் மந்தம் அதனால் மட்டும் வருவதில்லை. மூளையில் நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்ல அனுப்பும் ரசாயனம் டோபமைன்; அதை நரம்பு திரும்ப உறிஞ்சும் வழியை மருந்து அடைக்கிறது. வெளியே டோபமைன் தேங்கியதும், அதை அனுப்பும் நரம்பே தெரிந்துகொண்டு அனுப்புவதைக் குறைத்துவிடும். அதனால்தான் போலும், ரத்தத்தில் அளவு மாறாமல் இருந்தால்கூட மாலையில் பலன் குறையலாம். 1990களில் குழந்தைகளிடம் சோதித்தபோது, நாள் முழுக்க ஒரே அளவாகக் கொடுத்த மருந்து பிற்பகலில் வலுவிழந்தது. அளவு மெல்ல ஏறும்படி கொடுத்தது தாக்குப்பிடித்தது. அமெரிக்காவில் 2000இல் அனுமதி பெற்ற நீண்டநேர மாத்திரை இந்தக் கணக்கில் செய்யப்பட்டதுதான்: 22 சதவீதம் மேல்பூச்சில் உடனே கரையும், மீதி 78 சதவீதத்தை உள்ளே ஊறும் நீரின் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். டாக்டர் உனக்கு அதை மாற்றிக்கொடுத்தால் உடைக்காமல், மெல்லாமல் விழுங்கு. வெற்றுக்கூடு மலத்தில் வந்தால் பயப்படாதே.

முதலில் குறைவது மாத்திரை போட்டதும் வரும் உற்சாகம்தான். கவனம் அதற்குப் பிறகும் நிற்கலாம். அதனால் உணர்வை வைத்து அளக்காதே, எத்தனை பக்கம் முடித்தாய் என்று பார். உற்சாகத்தைத் துரத்தி மாத்திரை கூட்டுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். மனம் பழகிய வேகத்தில் இதயமும் பழகிவிடும் என்று நம்ப முடியாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறிக்கொண்டே போகலாம். மேலே காபியும் சேர்ந்தால் இன்னும் மோசம். இரவு தூக்கம் கெடும், மறுநாள் காலை மாத்திரையே வேலை செய்யாததுபோல இருக்கும், இன்னும் கூட்டத் தோன்றும்.

பகலில் மருந்துக்கு உடல் இப்படிப் பழகிப்போவது பெரும்பாலும் ஒரு ராத்திரியில் தெளிந்துவிடும். காலை மாத்திரையே வாரக்கணக்கில் எடுபடவில்லை என்றால் அது வேறு விஷயம்.

ஒரு வாரம் மாத்திரை போட்ட நேரம், மந்தமான நேரம், உட்கார்ந்து ஒரு நிமிடம் எண்ணிய நாடி, காபி, தூங்கிய மணி எல்லாம் எழுதி டாக்டரிடம் காட்டு. நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ அதுவரை காத்திருக்காதே, உடனே அவசரப் பிரிவுக்குப் போ.

அன்புடன்,
அம்மா